80-ல ஸ்டீரிங் உதறுது, ஒருநாள் இருக்கு ஒருநாள் இல்ல

நீடாமங்கலத்தான்:
வணக்கம், 2016 மாடல் டீசல் வண்டி, 92,000 ஓடிருக்கு. தஞ்சாவூர் தாண்டி திருச்சி ஃபோர்வேல 80 தொட்டா ஸ்டீரிங் உதற ஆரம்பிக்குது, 100 போனா கொறையுது. தினமும் வந்தாலாவது பரவால்ல, வாரத்துல ரெண்டு நாள் ஒண்ணுமே இருக்காது, மெக்கானிக்க பக்கத்துல உக்கார வச்சா சுத்தமா வராது. போன வாரம் அலைன்மென்ட் (வீல் கோணத்த சரி பண்றது), பேலன்சிங் (வீல் ஆடாம சுத்த ரிம்முல சின்னச் சின்ன வெயிட் ஒட்டுறது) ரெண்டும் பண்ணேன், நாலு நாள் அலுங்காம போச்சு, அஞ்சாம் நாள் முன்னவிட மோசம். இப்ப ரெண்டு பக்கமும் டிரைவ் ஷாஃப்ட் (இன்ஜின் சக்திய வீலுக்குக் கொண்டு போற தண்டு) மாத்தணும்ங்கிறாங்க. மாத்தவா?

டீசல்தம்பி:
அவசரப்படாதீங்க ப்ரோ. பிரேக் அடிக்கிறப்ப மட்டும் உதறுனா பிரேக் டிஸ்க். நின்னுகிட்டு இருக்கப்பவே நடுங்குனா இன்ஜின் மவுண்டிங். ஆக்சிலரேட்டர் மிதிக்கிறப்ப வந்து கால எடுத்ததும் நின்னா சிவி ஜாயின்ட், அதாவது ஷாஃப்ட்டோட உள்பக்க மூட்டு, அப்பதான் ஷாஃப்ட் பேச்சே. உங்களுக்கு எப்படி?

நீடாமங்கலத்தான்:
கால எடுத்தாலும் உதறுது, ஸ்பீடு 70க்கு கீழ வந்தாதான் நிக்குது. பிரேக்ல ஒண்ணுமில்ல.

மன்னார்குடிக்காரர்:
தம்பி, வண்டி வயலுக்குப் போகுதா?

நீடாமங்கலத்தான்:
ஆமாண்ணே, சம்பா நடவு நடக்குது, தினம் வாய்க்கா கரை வரைக்கும் போறேன். ஆனா வாட்டர் சர்வீஸ் விட்டுட்டுதான்ணே பேலன்சிங் பண்ணேன்.

மன்னார்குடிக்காரர்:
வாட்டர் சர்வீஸ்ல வெளிப்பக்கம் அடிச்சி பளபளன்னு குடுத்துருவான், ரிம்முக்கு உள்பக்கம் யாரு பாக்குறா. நம்ம ஊரு களிமண்ணு ஒட்டுனா லேசுல விடாது. அதோட பேலன்சிங் போட்டா மெஷினுக்கு என்ன தெரியும், ஒட்டுன சேத்தோட எடைக்கும் சேத்து எதிர்ப்பக்கம் வெயிட் கேக்கும், அவனும் ஒட்டி விட்டுருவான். அப்புறம் ரெண்டு வெயில் அடிச்சி களி காஞ்சி உதிர்ந்துச்சுன்னா அந்த வெயிட்டே வீல ஆட்டும். 20 கிராம் போதும் தம்பி. ஸ்டீரிங்லயே தெரியுதுன்னா முன்வீல்தான், பின்னாடின்னா சீட்டுல தெரியும். கழட்டிப் பாருங்க.

டீசல்தம்பி:
கழட்டுறப்ப டயர் எங்கயாச்சும் வீங்கியிருக்கான்னும் தடவிப் பாருங்க, வீங்கியிருந்தா ஃபோர்வே பக்கமே போகாதீங்க. டயர் எவ்வளவு பழசுன்னும் பாருங்க, சைடுல நாலு நம்பர் இருக்கும், 2319னு போட்டிருந்தா 2019ல 23வது வாரம் செஞ்சது.

நீடாமங்கலத்தான்:
அண்ணே கும்புடுறேன். முன்னாடி இடதுவீல் உள்பக்கம் பாதி வட்டத்துக்கு அடை மாதிரி களி, மீதிப் பாதி மொட்டையா இருக்கு. ஸ்க்ரூடிரைவர விட்டு நெம்புனா ஓடு ஓடா பேந்து வருது, நடுவுல ஒரு நாத்து வேரோட காஞ்சி ஒட்டிகிட்டு இருக்கு! நாலு வீலயும் நானே கழுவி, கடையில பழைய வெயிட்ட எல்லாம் பிடுங்கச் சொல்லி புதுசா பேலன்சிங் போட்டேன். டயர்ல வீக்கம் இல்ல. நேத்து செங்கிப்பட்டி வரைக்கும் 80, 90னு போய்ப் பாத்தேன், ஆட்டமே இல்ல. அந்த ஷாஃப்ட் ஆளு காலைலேர்ந்து மூணு தடவ போன் பண்ணிட்டாரு, எடுக்கல.

டீசல்தம்பி:
நாத்து என்ன ரகம் ப்ரோ?

நீடாமங்கலத்தான்:
சிஆர் 1009.