இலியட் படிக்கையில் உங்களை நிறுத்திய இடம் எது?

திண்ணைவாசி:
கிரேக்கர்கள் டிராய் நகரை முற்றுகையிட்ட போரைப் பாடும் ஹோமரின் இலியட் காவியத்தை முழுசாகவோ பாதியாகவோ படித்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். எந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு யோசித்தீர்கள்? இந்த வீரர்கள் எதற்காகச் சண்டை போடுகிறார்கள் என்று உங்களுக்கு எங்கே பிடிபட்டது? கதைச் சுருக்கம் வேண்டாம்.

நானே தொடங்குகிறேன். எனக்கு 12-ஆம் காண்டம். லைசியாவிலிருந்து டிராய்க்கு உதவ வந்த சார்பெடான், கிரேக்கர்களின் மதில் மீது பாய்வதற்கு முன் கூட்டாளி கிளாக்கஸிடம் பேசுகிறான். ஊரில் நமக்கு ஏன் முதல் இருக்கை, நல்ல கறித்துண்டு, நிறைந்த கிண்ணம், ஆற்றோரத்தில் நிலம்? அதையெல்லாம் சும்மா தின்னவில்லை என்று ஜனங்கள் சொல்ல வேண்டுமானால் முன்வரிசையில் நின்றாக வேண்டும். சரி, செஞ்சோற்றுக்கடன் என்று நினைத்துக்கொண்டே படித்தேன். பேச்சு அங்கேயே திரும்புகிறது. இந்தச் சண்டையில் தப்பித்தால் மூப்பும் சாவும் கிடையாது என்றிருந்தால் நானும் முன்னே போகமாட்டேன், உன்னையும் அனுப்பமாட்டேன் என்கிறான். சாவு எப்படியும் வரத்தான் போகிறது, அதனால் வா, போவோம். வீராவேசமே இல்லாத குரல். இவன் கடவுளரின் அரசன் ஜீயஸின் மகன் என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

ரசீதுப்புத்தகம்:
எனக்கு 9-ஆம் காண்டம், அதிலும் ஒரே ஒரு விடுபடல்.

தனக்குப் போர்ப்பரிசாகக் கிடைத்த பிரைசிஸ் என்ற பெண்ணைப் படைத்தலைவன் அகமெம்னான் பறித்ததால், கிரேக்கர்களின் பெரிய வீரன் அக்கிலீஸ் சண்டையை விட்டு ஒதுங்கிவிட்டான், கிரேக்கர்கள் தோற்றுக்கொண்டிருக்கிறார்கள். அகமெம்னான் இறங்கி வந்து ஒரு பட்டியல் போடுகிறான். தீயில் வைக்காத முக்காலிக் கொப்பரைகள் 7, பொன் 10 தாலந்து (அந்தக் கால எடை), பளபளக்கும் அண்டாக்கள் 20, பந்தயக் குதிரைகள் 12, லெஸ்போஸ் தீவுப் பெண்கள் 7 பேர். பிரைசிஸும் திரும்பி வருவாள், அவளைத் தொடவில்லை என்ற சத்தியத்தோடு. ஊர் திரும்பினால் மகளையே கட்டிக்கொடுத்து 7 ஊர்கள் சீர். எல்லாம் சொல்லி முடித்து, வாலில் ஒன்றை வைக்கிறான்: அவன் எனக்குப் பணியட்டும், நான் அவனைவிடப் பெரிய அரசன், வயதிலும் மூத்தவன்.

தூது போகும் ஒடிசியஸ் பட்டியலைக் கிட்டத்தட்ட வரிக்கு வரி ஒப்பிக்கிறான். வாலை மட்டும் நறுக்கிவிடுகிறான். அதற்குப் பதிலாக, அகமெம்னானை வெறுத்தாலும் மற்றவர்கள் மேலாவது இரக்கம் காட்டு என்று கெஞ்சுகிறான். அக்கிலீஸ் பதில் சொல்ல வாயைத் திறந்ததும் என்ன சொல்கிறான் தெரியுமா? மனதில் ஒன்றை ஒளித்து வாயில் வேறு பேசுகிறவன் எனக்கு நரகவாசல் மாதிரி வெறுப்பு என்கிறான். கேட்காத வார்த்தை அவனுக்குக் கேட்டுவிட்டது. எங்கள் வீட்டு நிலத் தகராறில் தூது போன பெரியப்பா 'அவன் மன்னிப்புக் கேட்டுட்டான்' என்று வந்து சொன்னபோது என் அப்பா கேட்ட முதல் கேள்வி, 'வேற என்ன சொன்னான்?'

அங்கிருந்து அக்கிலீஸ் போகிற தூரம்தான் பயங்கரம். ஆடுமாட்டைக் கொள்ளையடித்துக்கொள்ளலாம், கொப்பரையைச் சம்பாதித்துக்கொள்ளலாம், பல்வரிசையைத் தாண்டிப் போன உயிரைத் திரும்பப் பிடிக்க முடியாது என்கிறான். இங்கே நின்றால் அழியாப் புகழும் சாவும், ஊருக்குப் போனால் நீண்ட ஆயுள். தாய் தெட்டிஸ் சொன்ன இரண்டு வழியையும் மேசையில் போட்டுவிட்டு, நாளைக் காலையில் கப்பலேறுகிறேன் என்கிறான். தூதில் கூட வந்த, தன்னை வளர்த்த கிழவன் ஃபீனிக்ஸ் அழுததும், போவதா இருப்பதா என்று விடிந்ததும் யோசிப்போம் என்கிறான். இன்னொரு தூதன் அஜாக்ஸ் சுருக்கமாக நாலு வார்த்தை பேசியதும், டிராயின் தளபதி ஹெக்டர் என் கப்பல்கள் வரை வந்தால் பார்த்துக்கொள்கிறேன் என்று இன்னும் இறங்குகிறான். நீ சொல்வது சரிதான், ஆனால் நாதியற்ற பரதேசி மாதிரி என்னை நடத்தியதை நினைத்தாலே நெஞ்சு கொதிக்கிறது என்று அஜாக்ஸிடம் ஒப்புக்கொள்கிறான். பொன் போதவில்லை என்பதில்லை. அவமானம் நடந்தது ஊர் பார்க்க, சமாதானம் வந்தது ஆள் மூலம்.

இன்னொன்று. திரும்பிப் போன ஒடிசியஸ், 'கப்பலேறப் போகிறானாம்' என்ற முதல் பதிலை மட்டும்தான் அகமெம்னானிடம் சொல்கிறான். பின்னால் கிடைத்த இரண்டு இறக்கமும் அவன் வாயில் வரவே இல்லை. ஏன் என்று ஹோமர் சொல்லவில்லை. எனக்கு இன்னும் விளங்கவில்லை.

மழைநாள்:
ஹெக்டர்தான். எல்லோரும் 6-ஆம் காண்டத்தில் அவன் குழந்தை அஸ்டியானாக்ஸ் தலைக்கவசத்துக் குதிரைமயிரைப் பார்த்து அழுவதைச் சொல்வார்கள். என்னை நிறுத்தியது அவன் மனைவி ஆந்த்ரோமகி சொல்லும் யோசனை. அவள் அழுதுகொண்டே, அத்திமரத்தருகே மதில் பலவீனமாக இருக்கிறது, எதிரிகள் மூன்று முறை அங்கே ஏறப் பார்த்துவிட்டார்கள், படையை அங்கே நிறுத்து என்கிறாள். தகப்பனையும் ஏழு அண்ணன் தம்பிகளையும் அக்கிலீஸிடம் பறிகொடுத்தவள் பேசுகிற போர்த்தந்திரம் அது. ஹெக்டர் அதற்குப் பதிலே சொல்வதில்லை. ஒதுங்கி நின்றால் டிராய் ஆண்கள் முகத்திலும் பெண்கள் முகத்திலும் எப்படி விழிப்பேன் என்கிறான்.

அதே வரி 22-ஆம் காண்டத்தில் மறுபடி வருகிறது. அப்போது வாசலுக்கு வெளியே தனியாக நிற்கிறான். முந்தின ராத்திரி கூட்டாளி பாலிடாமஸ், படையை ஊருக்குள் இழுத்துக்கொள் என்று சொன்னதைக் கேட்காமல் ஏகப்பட்ட பேரைச் சாகவிட்டாயிற்று. உள்ளே போனால் முதலில் குத்திக்காட்டப்போவது பாலிடாமஸ்தான், என்னைவிடக் கீழானவன்கூடப் பேசுவான் என்று கணக்குப் போடுகிறான். மதில் மேல் அப்பா அம்மா கதறுகிறார்கள். அக்கிலீஸின் ஈட்டியைவிட இவனுக்கு ஊர்வாய்தான் பயம். இதை வீரம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

சும்மாஒருத்தன்:
தெர்சைட்டிஸை யாரும் சொல்லவில்லையே! அகமெம்னானைப் பேராசைக்காரன் என்று முதல் காண்டத்தில் அக்கிலீஸ் திட்டினால் காவியம். அதையே இரண்டாம் காண்டத்தில் தெர்சைட்டிஸ் என்கிற இந்தக் கூன்முதுகுக்காரன் சொன்னால் ஒடிசியஸ் செங்கோலால் முதுகில் வீங்க வீங்கப் போடுகிறான், படையே சிரிக்கிறது. நான் அந்த இடத்தில் சிரிக்கவில்லை.

வடமராட்சி:
மழைநாள், ஹெக்டர் பற்றி ஒரு மறுப்பு. நான் ஹோமரிடம் வந்தது ஈழத்து விமர்சகர் கைலாசபதி வழியாக. பர்மிங்ஹாமில் கிரேக்க அறிஞர் ஜார்ஜ் தாம்சனிடம் ஆய்வு செய்து, சங்கப் பாடல்களையும் ஹோமரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதிய அவருடைய நூல் 1968-இல் வந்தது. அதனால் புறநானூற்றைக் கையில் வைத்துக்கொண்டே 22-ஆம் காண்டம் படித்தேன். வெண்ணிப் போரில் முதுகில் பட்ட புண்ணுக்கு நாணி வடக்கிருந்து (பட்டினி கிடந்து) உயிர்விட்ட சேரமான் பெருஞ்சேரலாதனை மனதில் வைத்திருப்பவனுக்கு ஹெக்டர் ஓடுவது தூக்கிவாரிப் போடும். அக்கிலீஸைக் கண்டதும் நடுங்கி, மதிலை மூன்று சுற்று ஓடுகிறான், ஊரே பார்க்க. ஆனால் ஹோமர் அவனைக் கோழை என்று சொல்லவில்லை. முன்னால் ஓடியவன் நல்ல வீரன், துரத்தியவன் அவனைவிட நல்ல வீரன் என்று மட்டும் சொல்கிறார். ஊர்வாய்க்குப் பயந்து நின்றவன், அதே ஊர் பார்க்க ஓடி, அப்புறம் திரும்பி நிற்கிறானே. அந்தத் திரும்புதலுக்கு என்ன பெயர் வைப்பீர்கள்?

இரவுஷிப்ட்:
24-ஆம் காண்டத்தைச் சொல்லாமல் விடமுடியாது. ஹெக்டரைக் கொன்ற அக்கிலீஸிடம் மகனின் உடலைக் கேட்டு வந்த டிராய் அரசன் பிரியாம், தன் பிள்ளைகளைக் கொன்ற கையை முத்தமிட்டதும் இரண்டு பேரும் அழுவது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதற்கப்புறம் வருவதைக் கவனியுங்கள். உட்காரக்கூட மாட்டேன், சீக்கிரம் உடலைக் கொடு என்கிறான் பிரியாம். அக்கிலீஸ் முறைக்கிறான்: கிழவா, என்னைக் கிளறாதே. வேலைக்காரப் பெண்களிடம் உடலைத் தள்ளி எடுத்துப்போய்க் கழுவச் சொல்கிறான். ஏன் தெரியுமா? பிரியாம் பார்த்தால் ஆத்திரப்படுவான், அவன் ஆத்திரப்பட்டால் எனக்கும் கோபம் வந்து கொன்றுபோடுவேன் என்ற பயம். தன்னைத் தானே நம்பாத ஒரு ஆள், முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்கிறான். அவன் செய்ததிலேயே பெரிய காரியம் அதுதான் என்பேன். அப்புறம் காரியத்துக்கு எத்தனை நாள் வேண்டும் என்று கேட்டு, 11 நாள் சண்டையை நிறுத்தித் தருகிறான். 12-ஆம் நாள் சண்டை உண்டு.

திண்ணைவாசி:
நல்ல பதில்கள். இந்தக் கேள்வி எனக்குக் கிளம்பியதே ஹோமரின் இன்னொரு காவியமான ஒடிசியின் 11-ஆம் காண்டத்தால்தான். செத்தவர்கள் உலகில் ஒடிசியஸிடம் அக்கிலீஸ் சொல்கிறான்: செத்தவர்களுக்கெல்லாம் ராஜாவாக இருப்பதைவிட, சொந்த நிலமில்லாத ஒரு ஏழையிடம் கூலிக்கு இருப்பது மேல். புகழ் வேண்டாம் என்று தெளிந்துவிட்டான் போலிருக்கிறது என்று நினைப்போம். அதே மூச்சில், 'என் மகன் எப்படி, முன்வரிசையில் நின்றானா?' என்று கேட்கிறான். நின்றான், நிறையப் பேரைக் கொன்றான் என்று கேள்விப்பட்டதும் பூரித்துப்போய் நீள நீள எட்டு வைத்து நடக்கிறான். திருந்தினானா இல்லையா? ரசீதுப்புத்தகம், முதல் கணக்கு நீங்கள் போடுங்கள்.