பத்திரிகையில் மணமக்கள் பெயரைப் போட ஒரு சாய்ந்த தமிழ் எழுத்துரு வேண்டும்

வணக்கம் நண்பர்களே. பழைய வண்ணாரப்பேட்டையில் டிடிபி வேலை, அதாவது கணினியில் அச்சுப் பக்கம் அமைக்கும் வேலை செய்கிறேன். காசிமேட்டுக் கல்யாணப் பத்திரிகை ஒன்று கையில் இருக்கிறது. மணமக்கள் பெயரை ஆங்கிலத்தில் போல்டு இட்டாலிக் செரிஃபில் (தடித்துச் சாய்ந்த, கோட்டு முனைகளில் சின்னக் கால் உள்ள எழுத்தில்) வைத்தேன், அத்தனை அழகு! சும்மா சாய்த்த எழுத்தில்லை அது. சின்ன ‘எஃப்’ வால் கோட்டுக்குக் கீழே இறங்குகிறது, ‘ஏ’ கைப்பட எழுதியதுபோல் மாறிவிடுகிறது. 1501இல் வெனிஸில் ஆல்டஸ் மனூஷியஸ் என்ற பதிப்பாளர் அச்சிட்ட இட்டாலிக்கிலிருந்து வரும் கையெழுத்துச் சாயல் அது.

தமிழுக்கு அதே இட்டாலிக் பட்டனை அழுத்தினால் எழுத்து வெறுமனே சரிகிறது. ‘ழி’யின் மேல் வளைவு பக்கத்து எழுத்தில் இடிக்கிறது, ‘ண’வின் சுழிகள் மையில் அடைத்துக்கொள்கின்றன.

சாய்வாகவே வரைந்த, தடிப்பும் மெலிவும் உள்ள யூனிகோடு எழுத்துரு யாருக்காவது தெரியுமா? பெயர்களுக்கு மட்டும்தான். பத்தி முழுக்க வைத்தால் கண் வலிக்கும். விலைக்கு என்றாலும் சரி, வாங்கிக்கொள்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் பிளேட் போட வேண்டும்.