கணக்கு வாத்தியாருக்குக் கணக்குச் சொல்வது எப்படி?

நொய்யல்கரை:
எங்கள் பெரியப்பா ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். மளிகை பில்லில் 2 ரூபாய் கூடியிருந்தாலும் வெயிலில் கடைக்குத் திரும்ப நடப்பார். பெருந்துறைப் பக்கம் ஈமுக் கோழி அலை அடித்தபோது அவரும் பணம் போட்டார். 2012-ல் எல்லாம் கவிழ்ந்தது. அந்தக் கொட்டகையில் இப்போது தேங்காய் மட்டைதான் கிடக்கிறது. போன வாரம் ஒரு பையன் வந்து மாதம் 10 சதவீதம் தருகிறேன் என்றான், வார்த்தைக்கு வார்த்தை ‘ஐயா’ போட்டு. பெரியப்பா வைப்புநிதியை உடைக்கத் தயாராகிவிட்டார். அவர் மனம் நோகாமல் உண்மையைச் சொல்ல வழி உண்டா?

தராசுமுள்:
பெரியப்பாவுக்கு நல்ல துணை இருக்கிறது. 1720-ல் லண்டனில் தென்கடல் கம்பெனிப் பங்கு தாறுமாறாக ஏறியது. நியூட்டன் முதலில் நல்ல லாபத்தில் விற்றுவிட்டார். விலை இன்னும் ஏறுவதைப் பார்த்ததும் பொறுக்கவில்லை. கூடுதல் விலைக்குத் திரும்ப வாங்கி, பெரும் பணத்தை விட்டார். அப்போது அவர் அரசு நாணயச்சாலையின் தலைவர் வேறு! ஓதி, உணர்ந்து, பிறருக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டுத் தான் மட்டும் அடங்காதவனைத்தான் பேதைகளில் பெரிய பேதை என்கிறார் வள்ளுவர். இதைப் பெரியப்பாவிடம் சொல்லித் தொலைக்காதீர்கள்.

கொட்டகைக்காரன்:
நானும் ஈமு வளர்த்தவன். அந்தக் கறியை யார் வாங்கித் தின்கிறார்கள் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. அடுத்து சேருபவன் கட்டும் பணம்தான் எங்களுக்கு மாதப்பணமாக வந்தது. ஆள் சேருவது நின்றதும் தீவனம் நின்றது. கடைசியில் பறவைகளுக்கு அரசாங்கம் தீனி போட வேண்டியதாயிற்று. ஒன்று செய்யுங்கள். அறிவுரை வேண்டாம், கணக்குக் கொடுங்கள்: 1 லட்சம், மாதம் 10 சதவீதம், கூட்டு வட்டி, 10 வருடம்.

நொய்யல்கரை:
கொடுத்தேன். காலண்டர் தாளின் பின்பக்கம் போட்டுப் பார்த்தார். கிட்டத்தட்ட 927 கோடி! கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, “நான்தான் வட்டியை மாதாமாதம் எடுத்துவிடுவேனே, கூட்டு வட்டி எங்கிருந்து வரும்?” என்றார்.

கொட்டகைக்காரன்:
சரி, அந்த 10 சதவீதம் பையனுக்கு எங்கிருந்து வருகிறதாம்?

நொய்யல்கரை:
அதையும் கேட்டேனுங்க. “அது அவன் பாடு” என்கிறார்.