மே மாசமும் ரிக் சூடும்: பாத்தது, பட்டது எல்லாம் இங்க எழுதுங்க

மொட்டைமாடி டைபோல் (சென்னை)

வெயில் ஏறிடுச்சு, நம்ம ஹாம் ரேடியோவுக்குப் புது ஆட்கள் நிறைய பேரு இப்போ எஃப்டி8ல (கம்ப்யூட்டர் வழியா குட்டிக் குட்டிச் செய்தி அனுப்பற டிஜிட்டல் முறை) இறங்கியிருக்காங்க, அதனால ரிக் (அனுப்பவும் கேக்கவும் வெச்சிருக்கற ரேடியோ செட்) சூடு விஷயத்துல நான் கண்ணால பாத்ததை எழுதிடறேன், நீங்களும் சேர்த்துக்கோங்க.

ஒரு சின்ன கணக்கு போட்டுப் பாருங்க. 100 வாட் ரிக் ஃபுல் பவர்ல கேரியர் (விட்டுவிடாம வர்ற ரேடியோ அலை) விட்டா 13.8 வோல்ட்ல சுமார் 20 ஆம்பியர் இழுக்கும், அதாவது 276 வாட். ஆண்டெனாவுக்குப் போறது 100. மிச்சம் 176 வாட் அந்தச் சின்ன டப்பாக்குள்ளயே சூடா தங்கிடுது. 25 வாட் சால்டரிங் அயர்ன் ஏழை ஒண்ணா கட்டி உள்ள வெச்சா எப்படி இருக்கும், அவ்வளவு சூடு. எஸ்எஸ்பில (குரல் அனுப்பற முறை) பேசறப்போ இது தெரியாது, குரல் உச்சத்துக்குப் போற அந்தக் கணத்துல மட்டும்தான் 100 வாட், சராசரி அதுல ரொம்பக் கம்மி, நடுவுல மூச்சு வாங்கறோம், எதிர்ல இருக்கறவர் பேசறப்போ ரிக் ஆறிடுது. எஃப்டி8ல அப்படி கிடையாது, 15 செகண்ட்ல 12.64 செகண்ட் ஏத்தம் இறக்கம் இல்லாத முழு கேரியர், அடுத்த 15 செகண்ட் கேக்கறோம், மறுபடி முழு கேரியர், பதில் வராம சிக்யூ (யாராவது இருக்கீங்களான்னு கூப்பிடறது) போட்டுட்டே இருந்தா இப்படியே மணிக்கணக்கா ஓடும். ஆர்டிடிஒய் (ரேடியோ டெலிடைப்), எஃப்எம் எல்லாம் இன்னும் மோசம், பிடிடி (அனுப்பறதுக்கு அழுத்தற பட்டன்) அழுத்தின நேரம் பூரா முழு பவர்தான்.

போன வருஷம் அம்பத்தூர் பக்கம் ஒரு நண்பரோட ஷாக்குக்கு (ரேடியோ வெச்சிருக்கற ரூம்) போயிருந்தேன். மாடில ஆஸ்பெஸ்டாஸ் ரூம், மத்தியானம். மர அலமாரிக்குள்ள ரிக், அதுக்கு மேலேயே பவர் சப்ளை, பின்னாடி சுவத்துக்கும் ஃபேனுக்கும் நாலு விரல் இடைவெளி கூட இல்ல. வாட்மீட்டரைப் பாத்துட்டே உக்காந்திருந்தோம், ஆரம்பத்துல 100 காட்டின முள்ளு ஒவ்வொரு சுத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமா இறங்குது, ஃபேன் சத்தம் மட்டும் ஏறிட்டே போகுது, ரிக் தன்னைக் காப்பாத்திக்க தானே பவரைக் குறைச்சுக்குது. அவரு ஃபைனல் (ஆண்டெனாவுக்குப் பவர் குடுக்கற கடைசி டிரான்சிஸ்டர்) போயிடுச்சுன்னு பயந்துட்டாரு. வெளிய எடுத்து மூடியைக் கழட்டினா சூட்டை வெளிய விடற ஃபின் தகடுங்களுக்கு நடுவுல இடைவெளியே தெரியல, தூசியும் ஒட்டடையும் சேர்ந்து கெட்டியா அடைச்சிருக்கு, பெயிண்ட் பிரஷ்ஷால தட்டினா கொத்துக்கொத்தா விழுது. (புளோயர் வெச்சு அடிக்கறவங்க ஃபேன் இறக்கையை விரலால பிடிச்சுக்கோங்க, அது தாறுமாறா சுத்தினா பேரிங் கெட்டுப்போகும்.) பவர் சப்ளையைப் பக்கத்துல இறக்கி வெச்சோம், ரிக்கை அலமாரிக்கு வெளிய மேஜைக்கு மாத்தினோம், பவரை 50க்குக் குறைச்சோம். அதுக்கப்புறம் சாயங்காலம் வரைக்கும் முள்ளு அசையல.

நான் முக்கியமா சொல்ல வர்றது இதுதான். 100ல இருந்து 50க்கு இறங்கினா போறது வெறும் 3 டெசிபல், எதிர்ல கேக்கறவர் மீட்டர்ல அரை எஸ் யூனிட் (சிக்னல் பலத்தோட அளவு), சிக்னல் எப்படியும் அதைவிட அதிகமா ஏறி இறங்கிட்டேதான் இருக்கும். அந்த அரை எஸ் யூனிட்டுக்காக ஃபைனல் டிரான்சிஸ்டரைக் காவு குடுக்காதீங்க. மேனுவல்ல போட்டிருக்கற 100 வாட் நம்ம மே மாச மத்தியானத்தை மனசுல வெச்சு எழுதினது இல்ல. எங்க ஊரு 42 டிகிரில, ஷீட் கூரைக்குக் கீழ, டப்பா சுத்தி இருக்கற காத்தே 50ஐத் தொடும்.

ஹோம்பிரூ தம்பி (கோயம்புத்தூர்)

அண்ணே சரியா சொன்னீங்க, நான் பிட்எக்ஸ் (நாமே கட்டிக்கற ரிக்) பக்கத்துல இருந்து சொல்றேன். ஹைதராபாத் அஷர் ஃபர்ஹான் சார் டிசைன் பண்ணின அந்த ரிக்ல ஃபைனலுக்கு ஐஆர்எஃப்510 மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டர், சல்லிசா ரிட்சி ஸ்ட்ரீட்லயே கிடைக்கும். அதோட மெட்டல் முதுகு டிரெயினோட (அதோட மூணு முனைல ஒண்ணு) சேர்ந்திருக்கும், அதனால கரண்ட் கடத்தாத மைக்கா போடாம ஹீட்சிங்க்ல (சூட்டை வாங்கி வெளிய விடற உலோகம்) முறுக்கினா நேரா ஷார்ட், மாட்டின உடனே மல்டிமீட்டர்ல ஒரு தடவை பாத்துடணும்.

எங்க காலேஜ் கிளப்ல ஒரு ஜூனியர் கட்டின செட்ல நடந்தது இது. பிடிடி அழுத்தியாச்சு, மைக்ல யாரும் பேசல, ஆனா ஆம்மீட்டர் முள்ளு தானா மெதுவா ஏறிட்டே இருக்கு. மாஸ்ஃபெட் சூடாக சூடாக அது திறக்கற கேட் வோல்டேஜ் இறங்கும், நாம வெச்ச பயாஸ் (கேட்டுக்குக் குடுத்து வெச்சிருக்கற வோல்டேஜ்) அப்படியே இருக்கும், அதனால கரண்ட் ஏறும், கரண்ட் ஏறினா இன்னும் சூடு, அது ஒரு சுழல், விட்டா டப்புன்னு போயிடும். உடனே பிடிடியை விடச் சொல்லிட்டு, பயாஸ் லைன்ல மூணு 1என்4148 டயோடை சீரியல்ல போட்டு ஹீட்சிங்க்லயே ஒட்டினோம், ஹீட்சிங்க் சூடானா டயோடு வோல்டேஜும் சேர்ந்து இறங்கி பயாஸை இழுத்துக்குது. முள்ளு நின்னுடுச்சு.

கணக்கும் போட்டுப் பாத்தோம். 8 வாட் சூடு, டிரான்சிஸ்டர் உள்ள இருந்து முதுகுக்கு வாட்டுக்கு 3.5 டிகிரி, மைக்காவும் பேஸ்ட்டும் சுமார் 1, எங்க ஹீட்சிங்க் 5, மொத்தம் 9.5, எட்டால பெருக்கினா 76 டிகிரி. ஏசி ரூம் 25ல உள்ள 101, பரவால்ல. டப்பாக்குள்ள 50னா 126. எல்லை 175தான், ஆனா எஸ்டபிள்யூஆர் (ஆண்டெனா பக்கமிருந்து பவர் திரும்பறதைக் காட்டற அளவு, 1னா சுத்தம்) கொஞ்சம் ஏறினா அந்த 8 வாட் 8ஆவே இருக்காது. பேஸ்ட்டை அப்பி வைக்காதீங்க, மெல்லிசா ஒரு பூச்சு போதும், அது இண்டு இடுக்கை நிரப்பத்தான்.

உப்புக்காத்து (தூத்துக்குடி)

ரிக் மட்டும் இல்ல சார், மாடில தொங்கற டிரான்ஸ்ஃபார்மரையும் பாருங்க. என்கிட்ட எண்ட் ஃபெட் ஆஃப் வேவ் (ஒரு முனைல பவர் குடுக்கற கம்பி ஆண்டெனா), அதுக்கு 49க்கு 1 டிரான்ஸ்ஃபார்மர், ஒத்தை 43 மிக்ஸ் டொராய்டு (வளையமான ஃபெரைட் கோர்), கருப்பு பிளாஸ்டிக் பெட்டில போட்டு வெயில்லயே தொங்கிட்டு இருந்துச்சு. காலைல எஸ்டபிள்யூஆர் 1.4, சுகம். மத்தியானம் எஃப்டி8 கொஞ்ச நேரம் ஓட்டினா 1.6, 1.9, அப்புறம் 2.5க்கு மேல எகிறும், நிறுத்திட்டு சாப்பிட்டு வந்தா மறுபடி 1.4. கனெக்டர்ல தண்ணி, காக்ஸ் கேபிள்ல அறுப்புன்னு எல்லாத்தையும் சந்தேகப்பட்டு கடைசில பெட்டியைத் திறந்து கை வெச்சேன், கோர்ல விரல் வைக்க முடியல. ஃபெரைட் ஒரு வெப்பநிலைக்கு மேல போனா காந்த குணமே விட்டுடும், அந்தக் கட்டத்துல டிரான்ஸ்ஃபார்மர் வெறும் கம்பிச்சுருள்தான், எஸ்டபிள்யூஆர் எகிறி, அந்த அடி திரும்ப ஃபைனலுக்கே வரும். ரெண்டு கோரை அடுக்கி மறுபடி சுத்தினேன், வெள்ளைப் பெட்டி, தண்ணித் தொட்டி நிழல் பக்கம் மாத்திட்டேன். இப்போ 1.5 தாண்டறதில்ல.

பழைய 807 (மதுரை)

தம்பிகளா, நாங்க மூர் மார்க்கெட் இருந்த காலத்துல அங்க டிஸ்போசல்ல 807 வாங்கி டிரான்ஸ்மிட்டர் கட்டினவங்க. அந்த வால்வு பிளேட் 25 வாட் தாங்கும், டியூனிங்ல டிப் (சரியா டியூன் ஆனா பிளேட் கரண்ட் இறங்கற இடம்) வர நேரமாச்சுன்னா லைட்டை அணைச்ச ரூம்ல பிளேட் மங்கலா சிவக்கறது கண்ணுக்குத் தெரியும், உடனே கையை எடுப்போம், ஆறின பிறகு வால்வு மறுபடி வேலை செய்யும். டிரான்சிஸ்டர் அந்த அவகாசம் தராது. அதனாலதான் டியூன் பண்றப்போ 10 வாட்டுக்கு மேல விடாதேன்னு நான் எல்லார்கிட்டயும் கெஞ்சறேன்.

இன்னொண்ணு, பழைய பெரிய ஆர்எஃப் டிரான்சிஸ்டர் சிலதுல அடியில இருக்கற வெள்ளை செராமிக் பெரிலியம் ஆக்சைடு. சூட்டை நல்லா கடத்தும், ஆனா அந்தத் தூள் நுரையீரலுக்குள்ள போனா தீராத வியாதி. செத்துப்போன டிரான்சிஸ்டரை உடைச்சு உள்ள என்ன இருக்குன்னு பாக்கற ஆசையே வேண்டாம், அரம் போட்டு ராவவும் கூடாது. பிள்ளைங்க கைக்கும் எட்டக் கூடாது.

மொட்டைமாடி டைபோல் (சென்னை)

ஐயா, பெரிலியம் விஷயத்தைச் சொன்னதுக்கு ரொம்ப நன்றி, இதைப் புதுசா வர்றவங்களுக்கு யாருமே சொல்றதில்ல.

ஃபேன் எப்படி மாட்டறதுன்னு தனியா ரெண்டு பேரு கேட்டிருந்தாங்க. 45 டிகிரில மூடற சின்ன தெர்மல் சுவிட்ச் வாங்கி ஹீட்சிங்க்ல, ஃபைனலுக்குக் கிட்டக்க இறுக்கி ஒட்டுங்க, அது வழியா 12 வோல்ட் ஃபேன், அவ்வளவுதான், ரிக்குக்குள்ள கை வைக்கத் தேவையே இல்ல. ரிக்ல ஏற்கெனவே இருக்கற ஃபேன் காத்தை வெளிய தள்ளுதா உள்ள இழுக்குதான்னு ஒரு டிஷ்யூ பேப்பர் பிடிச்சுப் பாத்துட்டு அதே திசைல மாட்டுங்க, எதிர்த்து மாட்டினா ரெண்டும் சேர்ந்து ஒண்ணும் பண்ணாது. ஃபேன் வயர்ல ஒரு ஃபெரைட் மாட்டுங்க, சில ஃபேன் 40 மீட்டர் பேண்டுல (ஹாம் அலைவரிசை) இரைச்சல் போடும். ஹீட்சிங்க் ஃபின் செங்குத்தா நிக்கற மாதிரி வையுங்க, சூடான காத்து தானா மேல ஏறிடும்.

ரெஸ்ட்ரிக்டட் கிரேடு லைசென்ஸ்காரங்களுக்கு எப்படியும் 50 வாட்தான் அனுமதி, எஃப்டி8ல 25, 30 வெச்சாலே ஐரோப்பா சுகமா வரும். ஜெனரல் கிரேடு எடுத்தவங்கதான் 400 வாட் கனவுல லீனியர் (பவரை ஏத்தற ஆம்ப்ளிஃபையர்) தேடறீங்க, அதுல பாதி செயல்திறன்னா இன்னொரு 400 வாட் உங்க ரூமுக்குள்ளயே தங்கும், ஜன்னல் எங்க இருக்குன்னு பாத்துட்டு வாங்குங்க.

2004 டிசம்பர்ல சுனாமி வந்தப்போ நம்ம ஹாம் பாரதி பிரசாத் அம்மா குழு அந்தமான்ல இருந்து நாள்கணக்கா செய்தி அனுப்பினாங்க. அந்த மாதிரி நேரத்துல ரிக்கை ஆற விடறதுக்கு நமக்கு நேரம் இருக்காது, மாத்து ஃபைனலும் கிடைக்காது. அதனால இந்த ஞாயித்துக்கிழமை உங்க ரிக்கை டம்மி லோடுல (ஆண்டெனாவுக்குப் பதிலா பவரை வாங்கிக்கற ரெசிஸ்டர்) போட்டு, நீங்க வழக்கமா ஓட்டற பவர்ல அரை மணி நேரம் எஃப்டி8 கணக்குல விட்டுவிட்டு ஓட்டி, முதல் நிமிஷம் வாட்மீட்டர் என்ன காட்டுச்சு, கடைசி நிமிஷம் என்ன காட்டுச்சு, ரூம் வெப்பநிலை என்ன, இந்த மூணையும் இங்க போடுங்க. ரிக் மாடலையும் சேர்த்துப் போடுங்க.