வைர மோதிரத்துக்கு 22 காரட்டா, 18 காரட்டா?

உரைகல்: நேற்று 'கோமேதகம்' எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. 22 காரட்டில் வைரம் பதித்தால் கல் உதிர்ந்துவிடுமாம், பேத்திக்குப் போய்ச் சேர வேண்டுமானால் 18 காரட்தானாம். எங்கள் பாட்டியின் ஏழு கல் தோடு 22 காரட். இப்போது என் மனைவி போட்டிருக்கிறாள். ஒரு கல்கூட விழவில்லை.

கோமேதகம்: நான் சொன்னது மோதிரம், ஐயா. பாத்திரத்திலும் கதவிலும் இடிபடுவது விரல்தான், காது அல்ல. 22 காரட்டில் தங்கம் 91.6 சதவீதம், அதனால் மென்மை. 18 காரட்டில் 75 சதவீதம்; மீதியுள்ள செம்பும் வெள்ளியும் அதை இறுக்குகின்றன. கல்லைப் பிடிக்கும் கம்பி நுனி வளையாது.

உரைகல்: ராஜஸ்தானத்துக் குந்தன் வேலையில் கல்லைச் சுற்றி அழுத்துவதே சொக்கத் தங்கத் தகடு. மென்மையாக இருப்பதால்தான் கல்லோடு படிகிறது. பாவம், அவர்கள் உங்களைக் கேட்காமல் செய்துவிட்டார்கள்.

நாஞ்சிலான்: குந்தனில் கல்லைச் சுற்றிலும் தங்கம். ஒற்றைக்கல் மோதிரம் நான்கு கம்பியில் நிற்பது. இரண்டும் ஒன்றா? உங்கள் பாட்டி தோடும் மூடிய கட்டாகத்தான் இருக்கும்.

உரைகல்: பார்க்காமலே தீர்ப்பா? முத்து மோதிரத்தைத் தினமும் போடலாம் என்று முன்பு இங்கே எழுதியவர்தானே நீங்கள்? கீறலை எவ்வளவு தாங்கும் என்று காட்டும் மோஸ் கடின அளவில் முத்து 2.5 முதல் 4.5 வரைதான். தூசியில் இருக்கும் குவார்ட்ஸ் என்ற மணல் கனிமம் 7. துடைத்தாலே கீறும். தோட்டில் ஒரு கல்கூட விழவில்லை, மறுபடியும் சொல்கிறேன்.

நாஞ்சிலான்: விசேஷ நாளுக்கு என்றுதான் எழுதினேன். 'தினமும்' உங்கள் கைச்சரக்கு.

மரகதப்புறா: பிளாட்டினம் யாருக்கும் நினைவில்லையா? கீறல் விழுந்தாலும் உலோகம் அவ்வளவாகக் குறையாது, ஒதுங்கி நிற்கும். வெள்ளைத் தங்கத்தைப் போல ரோடியம் என்ற வெள்ளை உலோகப் பூச்சு மங்கியதும் மறுபடி பூச வேண்டியதில்லை.

உரைகல்: பிளாட்டினத்தை அடகுக் கடையில் நீட்டிப் பாருங்கள், மரியாதை தெரியும்.

கோமேதகம்: பேத்திக்கு வைப்பதா, அடகுக்கு வைப்பதா? கம்பி நுனி தேயுமா, தேயாதா? அதைச் சொல்லுங்கள்.

உரைகல்: வைரமே பிளக்கும், அம்மா. மோஸ் 10 என்பது கீறலுக்கு; வாகான இடத்தில் அடிபட்டால் இரண்டாகிவிடும். மரகதத்தில் விரிசலை மறைக்க எண்ணெய் ஊட்டுகிறார்கள். இதையெல்லாம் விட்டுவிட்டுக் கம்பியிலேயே தொங்குகிறீர்கள்.

வைகைக்கரை: மகள் கல்யாணத்துக்கு மோதிரம் வாங்க வேண்டும். நீலமா, மாணிக்கமா?

மரகதப்புறா: இரண்டும் குருந்தம் என்ற ஒரே கனிமம்தான், மோஸ் கடினம் 9. எது வாங்கினாலும் தாங்கும்.

உரைகல்: ராசி பார்க்காமல் நீலம் போடவே கூடாது.

கோமேதகம்: இவ்வளவு நேரம் குவார்ட்ஸ், மோஸ் என்றீர்கள். இப்போது ராசியா?

உரைகல்: இரண்டும் தெரிந்தவன்தான் பேசுகிறேன்.

நாஞ்சிலான்: அந்த முத்துப் பதிவை எடுத்துப் போடுங்கள், முதலில்.

உரைகல்: இரவு போடுகிறேன். இப்போது கடையில் கூட்டம்.

நாஞ்சிலான்: கடையா! 22 காரட் விற்பவரா? அதனால்தான் இவ்வளவு வரிந்து கட்டல்.

உரைகல்: நான் விற்பது பித்தளைப் பாத்திரம். உங்களுக்குக் குத்துவிளக்கு வேண்டுமா?