மறு: பயோஅவெயிலபிலிட்டி – ‘உடற்சேர்மை’ என்று வைக்கலாமா? (தாய்ப்பால் இரும்பை முன்வைத்து)

அன்புள்ள குழுமத்தாருக்கு,

வணக்கம். உண்ணும் சத்தில் எவ்வளவு பங்கை உடல் ஏற்றுப் பயன்படுத்துகிறது என்பதே பயோஅவெயிலபிலிட்டி. அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இவ்விழையில் இதுவரை இரண்டு சொற்கள் வந்திருக்கின்றன: டெல்லி அன்பர் தந்த ‘உயிர்க்கிடைப்பு’, பெங்களூரு அம்மா தந்த ‘உறிஞ்சுதிறன்’. இரண்டும் அகராதியில் நிற்கும். தாராவியில் பிள்ளை பெற்ற பெண்களுக்காக நாங்கள் எழுதிவரும் கைப்பிரதியில் நிற்கவில்லை. ஏன் என்பதை இரும்புக் கணக்கை வைத்தே சொல்கிறேன்.

ஒரு லிட்டர் தாய்ப்பாலில் இருக்கும் இரும்பு 0.3 முதல் 0.4 மில்லிகிராம். பசும்பாலிலும் ஏறக்குறைய அவ்வளவுதான், கொஞ்சம் கூடவும் இருக்கலாம். ஆனால் தாய்ப்பாலில் உள்ளதில் ஏறத்தாழப் பாதியைக் குழந்தையின் உடல் எடுத்துக்கொள்கிறது. பசும்பாலில் பத்தில் ஒரு பங்குதான். பசும்பாலின் கால்சியமும் கேசின் என்னும் புரதமும் இரும்பைத் தடுக்கின்றன. ஒரு வயதுக்கு முன் அதைக் கொடுத்தால் சில குழந்தைகளுக்குக் குடலில் கண்ணுக்குத் தெரியாத அளவு இரத்தக் கசிவும் ஏற்படும். அளவு ஒன்றுபோல, பயன் மட்டும் இவ்வளவு வேறு. அந்த வேறுபாட்டுக்குத்தான் பெயர் தேடுகிறோம்.

இப்போது ‘தாய்ப்பால் இரும்பின் உயிர்க்கிடைப்பு அதிகம்’ என்று எழுதிப் பாருங்கள். படிப்பவர் ‘தாய்ப்பாலில் இரும்பு நிறையக் கிடைக்கிறது’ என்றுதான் எடுத்துக்கொள்வார். நாம் சொல்ல வந்தது நேர்மாறானது: இருப்பது குறைவு, உடலுக்குப் போவது அதிகம். கடையில் கிடைப்பது, சந்தையில் கிடைப்பது என்றே பழகிய சொல், எத்தனை முன்னொட்டு போட்டாலும் அளவையே சுட்டும்.

‘உறிஞ்சுதிறன்’ இன்னும் சிக்கல். அம்மா மன்னிக்க வேண்டும், மருந்தியல் கட்டுரையில் அது பொருந்தக்கூடும். கைக்குழந்தையைப் பற்றிய எழுத்தில் உறிஞ்சுவது என்றால் முலைக்காம்பை உறிஞ்சுவதுதான். குறைமாதக் குழந்தைக்கு உறிஞ்சும் பலம் போதாது என்பது தாய்மாரிடம் தினமும் பேசப்படும் தனிப் பிரச்சினை. ஒரே பக்கத்தில் இரண்டு பொருளிலும் அச்சொல் வந்தால், ‘என் பிள்ளைக்கு உறிஞ்சத் தெரியலையோ’ என்று ஒரு தாய் கலங்கிவிடுவாள். குடற்சுவர் உறிஞ்சுவதோடு வேலை முடிவதுமில்லை. உள்ளே போன இரும்பு ஹீமோகுளோபினாகவோ சேமிப்பாகவோ ஆனால்தானே பயன்?

நம் பெண்கள் இதற்கு என்ன சொல்கிறார்கள் என்று கேட்டுப் பார்த்தேன். தொண்ணூறடிச் சாலைப் பக்கம் பால்வாடி வாசலில், எடை பார்க்கக் குழந்தையைத் தூக்கிவந்த ஓர் ஆச்சி, திருநெல்வேலிப் பேச்சு மாறாமல் சொன்னார்: ‘எவ்வளவு ஊட்டினாலும் பிள்ள ஒடம்புல சேர மாட்டேங்கு.’ சத்து உடம்பில் சேர்கிறது, சேரவில்லை. தமிழ்நாட்டிலும் மும்பையிலும் எந்த வீட்டிலும் விளக்கம் தேவைப்படாத பேச்சு. குடல் ஏற்பதும் உடல் பயன்படுத்துவதும் இரண்டுமே ‘சேர்வதில்’ அடங்கிவிடுகின்றன.

ஆகவே என் முன்மொழிவு: உடற்சேர்மை. நிகழ்வைச் சொல்ல உடற்சேர்வு, பண்பைச் சொல்ல உடற்சேர்மை, பெயரடையாக ‘உடற்சேரும் இரும்பு’.

வேதியியலின் ‘சேர்மம்’ (காம்பவுண்ட்) குழப்புமே என்று தனிமடலில் ஒருவர் கேட்டார். ‘உடல்’ முன்னால் நிற்கும்வரை குழப்பம் வராது என்பது என் துணிபு. ஆறு மாதத்துக்குப் பிந்தைய உணவில் போட்டுப் பார்த்தேன்: ‘கேழ்வரகில் உள்ள ஃபைட்டேட் இரும்பின் உடற்சேர்மையைக் குறைக்கும், முளைகட்டி அரைத்தால் தடை குறையும், எலுமிச்சை, நெல்லிக்காயின் வைட்டமின் சி உடற்சேர்மையைக் கூட்டும், தேநீர் கெடுக்கும்.’ தடுமாற்றமே இல்லாமல் ஓடுகிறது.

கைப்பிரதிக்கு வேண்டிய இன்னொரு பெயர், தாய்ப்பாலில் இரும்பைப் பிடிக்கும் புரதமான லாக்டோஃபெரின். அதற்குப் ‘பாலிரும்பி’ என்று வந்த பரிந்துரையை நான் ஏற்கவில்லை. பாலில் இரும்பைச் சுமந்து ஊட்டும் பொருள் என்ற எண்ணத்தை அது தரும். ஒரு மூலக்கூறு இரண்டு இரும்பணுக்களைப் பிடிக்கும், உண்மை. ஆனால் பாலில் உள்ள லாக்டோஃபெரினில் பெரும்பகுதி இரும்பு ஏறாமல்தான் இருக்கிறது. இரும்பைத் தேடும் ஈ.கோலை போன்ற கிருமிகளுக்கு அது கிடைக்காமல் பிடித்துவைப்பது அதன் பெரிய வேலை. சீம்பாலில் இது மிகுதி. பெயர் லாக்டோஃபெரின் என்றே இருக்கட்டும்.

பிறக்கும்போதே உடலில் இருக்கும் இரும்புக்கு ‘ஆரம்ப இருப்பு’ போதும். இங்குள்ள மளிகைக் கணக்குப் பேரேட்டில் முதல் வரியில் எழுதுவது அதுதான். நிறைமாதக் குழந்தை கிலோவுக்கு ஏறத்தாழ 75 மில்லிகிராம் இரும்போடு பிறக்கிறது. அதில் பெரும்பகுதி கடைசி மூன்று மாதத்தில் தாயிடமிருந்து வந்தது. நாலு முதல் ஆறு மாதம் அதை வைத்துத்தான் ஓடுகிறது. தொப்புள்கொடியை உடனே இறுக்கி வெட்டாமல் 1 முதல் 3 நிமிடம் பொறுத்தால் இருப்பு இன்னும் கூடும். குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்கும் எடை குறைந்த பிள்ளைக்கும் ஆரம்ப இருப்பே குறைவு. தாய்ப்பால் எவ்வளவு நன்றாகச் சேர்ந்தாலும் அது போதாது. மருத்துவர் சொல்லும் மாதத்திலிருந்து இரும்புச் சொட்டு மருந்து வேண்டும். சேர்மை கூடியிருப்பதால் எல்லாக் குழந்தைக்கும் போதும் என்ற பொருள் எங்கள் எழுத்தில் வந்துவிடக்கூடாது என்று நான் மிகவும் கவலைப்படுவது இந்த இடத்தில்தான். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குள்ளான பிள்ளைகளில் 67 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை.

கைப்பிரதிக்கு எழுதிய வரிகள் இவை: ‘தாய்ப்பாலில் இரும்பு குறைவுதான். ஆனால் அது நன்றாக உடம்பில் சேரும். இதை உடற்சேர்மை என்பார்கள். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுங்கள். குழந்தை எடை குறைந்தோ மாதம் குறைந்தோ பிறந்திருந்தால், இரும்பு மருந்து எப்போது தொடங்குவது என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஆறு மாதம் முடிந்ததும் இரும்புச்சத்துள்ள இணை உணவும் தொடங்குங்கள்.’

அச்சுக்குப் போகுமுன் உங்கள் மறுப்பு வேண்டும். வேறு சொல் தருவோர், அதை இந்த வரிகளில் பொருத்தி எழுதி அனுப்பினால் ஒப்பிட எளிதாக இருக்கும்.

அன்புடன்,
தாராவியிலிருந்து