கல்வீடு 100 (குடும்பக் குழு)

ரஞ்சி அக்கா: சனிக்கிழமை கல்வீட்டுக்கு நூறு வயது. பிள்ளைகள் மலாயா அப்புவின் கடிதக் காட்சி நடிக்கிறார்கள். ஆச்சியின் பெட்டியைத் திறந்து உறைகளை எடுத்தேன். ஒன்றிலும் முத்திரை இல்லை. எல்லாம் மூலையில் சதுரமாய் வெட்டியிருக்கு. யார் பார்த்த வேலை?

குமார் அண்ணா: ஊருக்கே தெரியும்.

சின்னம்மா: ஆச்சி விளக்குமாறோடு கலைத்தது எனக்கு ஞாபகம்.

சிவம் மாமா: அப்போது எனக்குப் பத்து வயது. அதை விடுங்கள்.

குமார் அண்ணா: இரண்டு போளைக்கு மாற்றியதாகக் கேள்வி.

சிவம் மாமா: பொய். ஆல்பத்தில் ஒட்டினேன்.

நிரோ: சண்டை வேண்டாம், நான் ஒன்று பிரிண்ட் எடுத்துவிட்டேன். சிகிரியா, பக்கத்தில் ராசா தலை. வடிவாய் இருக்கு.

சிவம் மாமா: பிள்ளை, அது ஆறாம் ஜோர்ஜ். அவர் அரசரானதே 1936 டிசம்பரில். அப்பு கடிதம் போட்டது 1926, அப்போது ஐந்தாம் ஜோர்ஜ். அதைவிடப் பெரிய பிழை ஒன்று இருக்கு. கோலாலம்பூரில் போட்ட கடிதத்தில் இலங்கை முத்திரை எப்படி வரும்? அனுப்புகிற இடத்து முத்திரைதானே ஒட்டுவது? கோலாலம்பூர் சிலாங்கூரில். பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் நான்கும் சேர்ந்ததுதான் கூட்டு மலாய் அரசுகள். அவர்களின் சத முத்திரையில் ராசா தலை கிடையாது, பாய்கிற புலி. பினாங்கிலோ சிங்கப்பூரிலோ போட்டிருந்தால் மட்டும் ராசா தலை. ஆச்சி எழுதுகிற பதில் கடிதத்துக்குத்தான் இலங்கை முத்திரை, அதுவும் ஐந்தாம் ஜோர்ஜ்.

பவா: புலியா?

நிரோ: மாமா, யாழ்ப்பாணத்தில் கடைக்குப் போய்ப் புலிப்படம் முப்பது பிரிண்ட் கேட்கச் சொல்கிறீர்களா?

சின்னம்மா: ஐயோ வேண்டாம்

குமார் அண்ணா: யாரும் கேட்டால் மலாயாப் புலி என்று சொல்லு.

ரஞ்சி அக்கா: நீ கனடாவில், ஸ்காபரோவில் இருந்துகொண்டு சொல்லலாம்.

சின்னம்மா: கிணற்றடி மோட்டர் ஓடவில்லை. சனிக்கிழமைக்குள் யார் பார்ப்பது?

பவா: எந்தப் பங்கு மோட்டர்?

ரஞ்சி அக்கா: பங்குக் கதையை இங்கே எடுக்காதே.

சிவம் மாமா: ஓரத்துக்கு வருவோம். புலி முத்திரைக்கு 2 சென்ரிமீற்றரில் 14 துளை. தையல் மெஷினில் நூலைக் கழற்றிவிட்டு, தையல் நீளத்தை ஒன்றரை மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைத்து, வெறும் ஊசியை முழுத்தாளில் கோடு கோடாய் ஓட்ட வேண்டும். பிறகு மடித்துக் கையால் கிழிப்பது. கத்தரிக்கோல் பட்டால் பல் வராது.

ரஞ்சி அக்கா: என்னுடைய மெஷினிலா? தாளில் ஓட்டினால் ஊசி மொட்டையாகும்.

சிவம் மாமா: பழைய ஊசியைப் போடு.

ரஞ்சி அக்கா: போன முறை இரவல் போன பொபின் கேஸே இன்னும் திரும்பி வரவில்லை. சின்னம்மாவுக்குத் தெரியும்.

சின்னம்மா: வடை எத்தனை சுடுவது?

நிரோ: மாமா, பழசாகத் தெரியட்டும் என்று பிரிண்டைத் தேயிலைச் சாயத்தில் தோய்த்தேன். ராசாவின் மூக்கு கரைந்துவிட்டது.

சிவம் மாமா: இங்க்ஜெட் மை அப்படித்தான். சாயம் வேண்டுமென்றால் முதலில் தாளைத் தோய்த்துக் காயவைத்து, பிறகு லேசரில் எடு. ஆனால் எதற்குச் சாயம்? நாடகத்தில் தபால்காரன் கொண்டுவருவது அன்றைய கடிதம். ஆச்சியின் கையில் அது புதுத்தாள், புது முத்திரை. தபால் குறி மட்டும் முத்திரையிலும் உறையிலும் சேர்ந்து விழ வேண்டும்.

பவா: குறி நான் அழிறப்பரில் வெட்டிவிட்டேன். அடித்தால் எழுத்தெல்லாம் மறுபக்கம் பார்க்குது.

குமார் அண்ணா: இவன்தான் பொறியியலாளர் ஆகப்போகிறான்.

நிரோ: கண்ணாடியில் பார்த்து வெட்டடா.

குமார் அண்ணா: புது முத்திரையைப் பழைய உறையில் ஒட்டுங்கள். வெட்டின இடமும் மறைந்துவிடும்.

சிவம் மாமா: ஒட்டாதே! அந்த உறை அப்புவின் கைபட்டது. புது உறை மடியுங்கள். முத்திரையின் பின்னால் "நகல்" என்று பென்சிலில் இல்லை, மையால் எழுதுங்கள். நாளைக்கு யாராவது உண்மை என்று விற்கக்கூடாது.

குமார் அண்ணா: எங்கள் குடும்பத்தில் அப்படி யாரும் இல்லையே மாமா.

நிரோ: சரி, புலியா ராசாவா? கடை ஆறு மணிக்குப் பூட்டிவிடும்.

ரஞ்சி அக்கா: தூரத்திலிருந்து பார்க்கிற சனத்துக்கு என்ன தெரியப்போகுது? ராசா இருக்கட்டும்.

சிவம் மாமா: எனக்குத் தெரியும்.

பவா: மாமாவின் ஆல்பத்தில் இருக்கிற புலியையே ஒட்டலாமே?

சிவம் மாமா: ஆல்பம் இல்லை. 95இல் சண்டைக்குள் ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது அலுமாரிக்குள் விட்டது. அம்மா பெட்டியைத்தான் தூக்கினா.

நிரோ: ம்

சின்னம்மா: அண்ணா, எங்கள் வீட்டுப் பிரிண்டரில் எடுக்கலாம், கடைக்குப் போகத் தேவையில்லை. மை கொஞ்சம்தான் இருக்கு.

ரஞ்சி அக்கா: மெஷின் தாறேன். ஊசி நீங்கள் வாங்கி வாங்கோ மாமா.

பவா: மோட்டர்?